வெளிச்சம் கெமிஸ்ட்ரியில் இருக்கிறது!



"எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரி எதுக்குடா?" இது நம்ம ஹாஸ்டலில் தினமும் கேட்கிற கேள்வி. முதல் வருஷம் பாஸானதும் அந்தப் புத்தகத்தை ஜூனியர் தலையில் கட்டிவிடுகிறோம். இது சரிதானா?

நம்மில் பலர் கையில் இருக்கும் செல்போனின் ஓ.எல்.இ.டி. திரையையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் தனி விளக்கு கிடையாது. மின்சாரம் பாய்ந்ததும் கரிமச் சேர்மங்களே ஒளிர்கின்றன. 1987-இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் சிங் டாங், வான் ஸ்லைக் இருவரும் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பளிச்சென்ற பச்சை ஒளியை எடுத்தார்கள். எலக்ட்ரான் சுலபமாக உள்ளே இறங்க மக்னீசியம், வெள்ளிக் கலவையை எதிர்மின்வாயாக வைத்தார்கள். அப்படியும் 100 எலக்ட்ரானுக்கு வெளியே வந்த ஒளித்துகள் ஏறக்குறைய ஒன்றுதான்!

காரணம் என்ன? எலக்ட்ரானும் துளையும் சேரும்போது 4-இல் 1 பங்குதான் சாதாரணச் சேர்மத்தில் ஒளியாக முடியும். மீதி 3 பங்கு வெப்பமாகி வீணாகும். 1998, 1999-இல் ஸ்டீபன் பாரஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் பிளாட்டினம், இரிடியம் சேர்மங்களைக் கலந்து அந்த 3 பங்கையும் ஒளிரச் செய்யும் வழியைக் காட்டினார்கள். 2012-இல் ஜப்பானில் அடாச்சி குழுவினர் அந்த விலை உயர்ந்த உலோகங்கள் இல்லாமலேயே அதைச் சாதித்தார்கள். மாறியது சர்க்யூட் அல்ல நண்பர்களே, பொருள்! நீல நிறத்துக்கு மட்டும் நீண்ட ஆயுள் தரும் பொருளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"இதெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கியவங்க சமாச்சாரம்" என்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெற்றிட அறையில் படலம் பூசுவது, பம்பைப் பராமரிப்பது, துளி ஈரமும் புகாமல் அடைப்பது எல்லாம் கைப்பழக்கம் கேட்கிற வேலைகள். நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிற எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கல்லைத் தட்டிப் பார்த்தே அது எந்த வாக்கில் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். பொருளின் குணம் அறிவதுதான் தொழில். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நான், அந்த அறிவை விட்டுவிட்டு வெறும் சர்டிபிகேட்டோடு திரும்பினால் என்ன லாபம்?

பக்கத்திலேயே காரைக்குடி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கேதான். சென்னை ஐ.ஐ.டி.யில் 2023-இல் இத்திரைகளுக்கென்றே ஆராய்ச்சி மையம் தொடங்கியிருக்கிறார்கள். தொழிற்சாலைச் சுற்றுலா என்று ஊர் சுற்றுவதற்குப் பதில், இந்த இரண்டு இடங்களுக்கும் அனுமதி கேட்டு நம்ம யூனியன் கடிதம் எழுதட்டும்.

உடைந்த திரையை மாற்றத் தெரிந்தால் கடை வைத்துப் பிழைக்கலாம், அது கௌரவமான தொழில்தான். ஆனால் அந்தத் திரையைச் செய்கிற இடத்திலும் புதுக்கோட்டைக்காரன் ஒருவன் நிற்க வேண்டாமா? புத்தகத்தைத் திருப்பி வாங்குவோம், வாங்க!