தங்கச்சி சினிமா எடிட்டிங் படிக்கணுமாம்: உங்க பணத்தை எங்கே வைக்கிறது?

ஜலகண்டாபுரம் மாதிரி ஒரு ஊர்ல தறிச் சத்தத்துல வளர்ந்து, இப்ப ஓசூர்லயோ பெங்களூருலயோ மாசச் சம்பளம் வாங்குறவரா நீங்க? அப்ப இந்தப் பேச்சு உங்க வீட்டுக்கு எப்ப வேணா வரும். ப்ளஸ் டூ முடிச்ச தங்கச்சி, "எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம், எடிட்டிங் படிக்கணும்"ங்கிறா. அப்பா எதுவும் சொல்லாம உங்க முகத்தைப் பார்க்கிறார். ஏன்னா வீட்டுல பே-ஸ்லிப் இருக்கிறது உங்ககிட்ட மட்டும்தான்.

"அதெல்லாம் நம்ம பக்கத்துக்கு ஆகாது"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. ஊர்ப் பேரையே முன்னால போட்டுக்கிட்டு நாடகம் எழுதினவர் ஜலகண்டபுரம் ப. கண்ணன். சேலத்துல 1935-ல மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கின டி.ஆர். சுந்தரம், நெசவுத் தொழில் குடும்பத்துல இருந்து வந்து இங்கிலாந்துல லீட்ஸ் வரைக்கும் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சவர். அவர் ஸ்டுடியோவை ஒரு மில் மாதிரியே நடத்தினார். நடிகர்கள், எழுத்தாளர்கள், டெக்னீஷியன்கள் மாசச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாங்க. கலைஞரும் கண்ணதாசனும் அங்கே எழுதினவங்கதான்.

அந்தச் சம்பளம்தான் இப்ப இல்லை. ஏற்காடு ரோட்டுல ஸ்டுடியோவோட நுழைவாயில் வளைவு மட்டும் நிக்குது. இன்னைக்கு எடிட்டிங், கேமரா, அனிமேஷன்னு போறவங்களுக்கு முதல் சில வருஷம் வேலை துண்டு துண்டாத்தான் வரும். ஒரு படத்துக்குப் பணம் வரும், அடுத்த நாலு மாசம் ஒண்ணும் வராது. உதவியாளரா சேர்ந்தா சாப்பாடும் பஸ் காசும்தான் கிடைக்கும்னு சொல்ற இடங்களும் உண்டு. பல பேர் திறமை இல்லாம ஊர் திரும்புறதில்லை. ரூம் வாடகை கட்ட முடியாமத்தான் திரும்புறாங்க.

அதனால என் கருத்து இதுதான்: படிக்கிற வருஷங்களுக்குக் கொட்டுற பணத்தைக் குறைங்க, படிப்பு முடிஞ்ச பிறகு வர்ற 2 வருஷத்துக்கு அதை வைங்க. நம்ம வீடுகள்ல நடக்கிறது இதுக்கு நேர் எதிர்.

கணக்குப் பார்ப்போம். தனியார் காலேஜ், ஹாஸ்டல், லேப்டாப் எல்லாம் சேர்த்து 8 லட்சம் கல்விக் கடன்னு வைங்க. வட்டி 10.5%, 7 வருஷம்னா இஎம்ஐ கிட்டத்தட்ட 13,500 ரூபாய். படிக்கிற காலத்துல ஏறுற வட்டியைச் சேர்த்தா இன்னும் கூடும். பொதுவா படிப்பு முடிஞ்ச ஒரு வருஷத்துல இஎம்ஐ ஆரம்பிச்சிடும், அதாவது அவ கையில காசே இல்லாத நேரத்துல. அப்ப கட்டப்போறது யாரு? அப்பா வருமானம் பத்தாதுன்னு கோ-அப்ளிகன்ட்டா நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தக் கடன் உங்க சிபில்லயும் இருக்கும். நாளைக்கு உங்க ஹோம் லோன் தகுதியில அதையும் கழிச்சுத்தான் பார்ப்பாங்க.

"80இ-ல வரி மிச்சமாகுமே"ன்னு ஒரு சமாதானம் வரும். ஆகாது. அந்தச் சலுகை உங்களுக்கு, மனைவி அல்லது கணவருக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி நீங்க கார்டியனா இருக்கிறவருக்கு எடுக்கிற கடனுக்குத்தான். தம்பி தங்கச்சிக்குக் கிடையாது. புது வரி முறையில இருந்தா யாருக்குமே கிடையாது.

இப்ப இன்னொரு கணக்கு. மாசம் 6,000 ரூபாய் ஆர்டி, 48 மாசம். வட்டியை விடுங்க, அசல் மட்டும் 2,88,000. அவ படிச்சு முடிச்சதும் மாசம் 12,000 வீதம் 24 மாசம் கொடுக்கலாம். சென்னையில ஷேரிங் ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் இழுத்துப் பிடிச்சு ஓடும். எஸ்ஐபி போடலாமான்னு கேட்பீங்க. 4 வருஷத்துல கண்டிப்பா வேணும்ங்கிற பணத்தை மார்க்கெட்டுல விட வேண்டாம்.

இது நடக்கணும்னா படிப்பு மலிவா இருக்கணும். தரமணியில எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கு. எடிட்டிங், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, அனிமேஷன் எல்லாம் 4 வருஷப் பட்டப்படிப்பு. பி.சி. ஸ்ரீராம் சென்னை ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்சு வந்தவர்தான். ஓவியம்னா சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள்; சென்னைக் கல்லூரி 1850-ல தொடங்கினது. சீட் கம்மி, போட்டி அதிகம். அதனால செலவு பண்றதை இங்கே பண்ணுங்க: டிராயிங் பயிற்சி, சொந்தமா எடிட் பண்ணிப் பழக ஒரு சுமாரான கம்ப்யூட்டர். நாமக்கல் பக்கம் ப்ளஸ் டூ ஹாஸ்டலுக்கு லட்சக்கணக்குல கட்டுற ஊர்க்காரங்க நாம, 20,000 ரூபாய்க்கு டிராயிங் கிளாஸ்னா மட்டும் யோசிக்கிறோம்! அரசுப் பள்ளியில 6-லிருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுன்னா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும். பையனா இருந்தா, 2024 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்ப் புதல்வன்.

சீட் கிடைக்கலைன்னா? சேலம் அரசு கலைக் கல்லூரி மாதிரி இடத்துல ஒரு டிகிரி, பக்கத்துலயே எடிட்டிங். "முதல்ல இன்ஜினியரிங் முடி, அப்புறம் உன் இஷ்டம்"ங்கிற அறிவுரையில எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் லட்சங்கள்தான், நாலு வருஷமும் போயிடும்.

வேலையையும் கலையையும் சேர்த்து ஓட்டினவருக்கு உதாரணம் திருச்செங்கோட்டுக்காரர் பெருமாள்முருகன். அவங்க அப்பா தியேட்டர்ல சோடாக் கடை வெச்சிருந்தவர். இவர் தமிழ் படிச்சு அரசுக் கல்லூரி ஆசிரியரானார். முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991-ல வந்துச்சு. 25 லட்ச ரூபாய் ஜேசிபி பரிசு 2023-ல கிடைச்சது. நடுவுல 32 வருஷம். 'மாதொருபாகன்' பிரச்சினையில, 2015 ஜனவரியில, இனி எழுதமாட்டேன்னு அறிவிச்சபோதும் அவர் அரசு ஊழியர்தான், வீட்டுக்குச் சம்பளம் வந்துச்சு. ஆனா எழுத்தை வேலை முடிஞ்சு ராத்திரியில வெச்சுக்கலாம். எடிட்டிங் அப்படியில்லை, கூப்பிட்ட நேரத்துக்கு ஸ்டுடியோவுல இருக்கணும். அதனாலதான் அந்த 24 மாசக் காசு அவளுக்கு வேணும்ங்கிறேன்.

வீட்டுல அவ கல்யாணத்துக்குன்னு ஒரு நகைச்சீட்டு ஓடிட்டிருக்கும், அதை யாரும் கேள்வி கேட்கிறதில்லை. இந்த ஆர்டியைப் பத்தி அப்பாகிட்டச் சொல்லும்போது அதையும் சேர்த்தே பேசுங்க. அவகிட்டயும் தொகையை மறைக்காம சொல்லுங்க: மாசம் எவ்வளவு, எந்த மாசத்துல நிக்கும், அதுக்கு முன்னாடியே அவ 15,000 சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டா மீதி யாருக்கு.