கீரைக்கட்டும் சலைன் பாட்டிலும்

போன வாரம் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. கையில் அறிவியல் விடைத்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அத்தை, தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் அஞ்சு வித்தியாசம் எழுதினேன். ஒண்ணை அடிச்சுட்டாங்க."

வாங்கிப் பார்த்தேன். 'தாவர செல்லில் பசுங்கணிகம் உண்டு. விலங்கு செல்லில் மைட்டோகாண்ட்ரியா உண்டு.' டீச்சர் அடித்தது சரிதான். ஆனால் எனக்குத்தான் சுருக்கென்றது. 30 வருஷம் இதே பாடத்தை நடத்தியவள் நான். கரும்பலகை நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் தாவரம், அந்தப் பக்கம் விலங்கு. கோடு போட்டால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? இங்கே இருப்பது அங்கே இருக்காது என்றுதானே! என்னிடம் படித்த எத்தனை பேர் இப்படியே நினைத்துக்கொண்டு போனார்களோ.

பசுங்கணிகம் சமைக்கிற இடம். சமைத்த உணவிலிருந்து சக்தியை எடுப்பது மைட்டோகாண்ட்ரியா. செடியும் சுவாசிக்கிறதே, அதற்கும் இரண்டாவது வேண்டும். சமைக்கிற வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லையா என்ன?

"அட்டவணையை மூடி வை" என்று அடுக்களைக்கு அழைத்துப் போனேன். முளைக்கீரை வெயிலில் துவண்டு கிடந்தது. வேரோடு ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்தினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல நிமிர்ந்தது.

"எலும்பு இல்லாத கீரை எப்படிடீ நிக்குது?"

விழித்தாள். வளர்ந்த தாவர செல்லுக்குள் பெரும்பகுதியை ஒரே ஒரு பெரிய நுண்குமிழிதான் அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பை மாதிரி. நீர் ஏற ஏற அது உப்பும். வெளியே செல்லுலோஸால் ஆன செல் சுவர் அதைத் தாங்கிப் பிடிக்கும். டயருக்குள் டியூப் விறைப்பதில்லையா, அப்படி.

"நம்ம செல்லுக்குத்தான் சுவர் இல்லையே, தண்ணி ஏறினா?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! இரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் வெறும் தண்ணீரை ஏற்றுவதில்லை. நாம் பொதுவாக 'குளுக்கோஸ்' என்று சொல்லிவிடுகிற பாட்டில் பல சமயம் சலைன்தான். 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு. அவள் தாத்தாவுக்கு ஏற்றியதைப் பார்த்திருக்கிறாள். முகம் மாறியது.

சுவர் இல்லாதது குறையும் அல்ல. அதனால்தான் வெள்ளையணு வளைந்து நெளிந்து கிருமியை விழுங்க முடிகிறது.

"ஸ்கூல்ல மைக்ராஸ்கோப்புல வெங்காயத் தோல் பார்த்தோமே, அதுல பச்சையே இல்லையே அத்தை?" நல்ல சந்தேகம். வெங்காயம் மண்ணுக்குள் உணவைச் சேமிக்கிற பகுதி. வெயில் படாத இடத்தில் அடுப்பு எதற்கு? எல்லாத் தாவர செல்லிலும் பசுங்கணிகம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வெங்காயத்தோடு மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஹைட்ரில்லா இலை ஒன்றையும் காட்டுங்கள். மெல்லிய இலை, வெட்டவே வேண்டாம். பச்சை மணிகள் பளிச்சென்று தெரியும்.

கீரையை மசியலுக்குப் போட்டேன். கொதிநீரில் விழுந்ததும் துவண்டது.

"இப்பவும் தண்ணிக்குள்ளதானே இருக்கு, ஏன் நிமிரல?"

"செல் சவ்வு வெந்து போச்சு. உள்ளே தண்ணியைப் பிடிச்சு வைக்க ஆளில்லை."

விடைத்தாளின் பின்பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டாள்.