ஓரத்திலிருந்து ஓர் ஆட்டம்

ஓய்வு பெற்ற பிறகு பேரனோடு செஸ் ஆட உட்கார்ந்தேன். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தினால் போதும், அவன் பத்து நகர்த்தல்களை மனப்பாடமாக ஆடிவிடுவான். எனக்கு இந்த வயதில் அந்த ஞாபகசக்தி இல்லை. தோற்றுத் தோற்று, பலகையைப் பரணில் போட்டுவிட்டேன்.

மறுபடி அதை இறக்க வைத்தது இங்கிலீஷ் ஓப்பனிங். முதல் நகர்த்தலே ஓரமாக, சி4. "நடுவை விட்டுட்டீங்களே தாத்தா!" என்று சிரித்தான். விடவில்லை. சி4 சிப்பாய், சி3 குதிரை, ஜி2 பிஷப் மூன்றும் குறிவைப்பது நடுவிலுள்ள டி5 கட்டத்தைத்தான்.

இதைப் பயந்தவர் ஆட்டம் என்பதை நான் ஏற்கமாட்டேன். 1924இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் ரெட்டி இப்படித்தான் இரண்டு பிஷப்புகளையும் ஓரங்களில் நிறுத்தி ஆடினார். எட்டு ஆண்டுகள் தோல்வியே காணாதிருந்த உலக சாம்பியன் காபாபிளாங்கா 31ஆவது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கை. ஓரத்திலேயே இருந்துவிடக் கூடாது. சமயம் பார்த்து நடுச் சிப்பாயைத் தள்ளாவிட்டால், எதிராளி இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்வான். நம் காய்களுக்கு மூச்சு முட்டும்.

பேரனிடம் இப்போதும் பெரும்பாலும் தோற்கிறேன். ஆனால் நாலாவது நகர்த்தலிலேயே அவன் கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறான். எனக்கு அது போதும். உங்கள் வீட்டுப் பரணிலும் பலகை இருந்தால் இறக்குங்கள்.