பனியன் கப்பலேறும், கணக்கு இங்கேயே

பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த நாட்டுக்காரர் போடும் பனியனுக்கு நூல் நூற்றதும், துணி பின்னியதும், சாயம் ஏற்றியதும் எந்த ஊர் மின்சாரம்? திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். விறகு எரியும் கொதிகலன், நீராவிக் குழாய்கள், ஈரத்துணியைச் சூட்டில் இழுத்துக் காயவைக்கும் நீளமான இயந்திரம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு நாசமானதால் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு மீண்டும் திறந்த பட்டறைகளில் கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். ஆற்றைக் காக்க வேறு வழியில்லை. அதற்கும் மின்சாரமும் விறகும்தான் வேண்டியிருக்கிறது. இத்தனையும் இந்தியாவின் எரிசக்திக் கணக்கில் ஏறுகிறது, பனியன் மட்டும் கப்பலேறுகிறது. உலகமயமாக்கலால் நல்ல இயந்திரங்கள் வந்து எரிசக்தி மிச்சமாகும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் ஒரு பனியனில் மிச்சம் பிடிப்பதை, கூடுதலாகத் தைக்கும் பனியன்கள் தின்றுவிடுகின்றனவே! ஐரோப்பிய ஒன்றியமோ 2026 முதல் இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமென்ட், உரத்துக்கெல்லாம் கார்பன் கட்டணம் விதிக்கிறது. துணி இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை, நாளை வரலாம். வசூலாகும் பணம் போவது அவர்கள் கஜானாவுக்கே. பொருளை அனுபவிப்பவர்கள் அதில் ஒரு பங்கையாவது, அதைச் செய்து கொடுக்கும் நாடுகளின் கொதிகலன்களை மாற்றத் தர வேண்டும். வர்த்தகப் பேச்சில் டெல்லி இதைக் கறாராகக் கேட்கட்டும்.