வெயிலுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்றா? பவர் போட்ட கூலிங் கிளாஸ் வாங்கப் போகிறவர்களுக்கு!

உச்சி வெயில். பஸ் நிலையம். ஐம்பது வயதுள்ள ஒருவர் நிற்கிறார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

சட்டைப் பையில் செல்போன் ஒலிக்கிறது. மகள் செய்தி அனுப்பி இருக்கிறாள். எழுத்து தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். இப்போது எழுத்து தெரிகிறது. ஆனால், வெயில் கண்ணைக் கூசுகிறது. அதற்குள் அவர் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது!

நம் வீட்டு அப்பாக்களும் அம்மாக்களும் தினமும் படுகிற பாடு இது. தூரமும் தெரிய வேண்டும்; கிட்டேயும் தெரிய வேண்டும்; வெயிலும் கூசக் கூடாது. மூன்றும் ஒரே கண்ணாடியில் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால், கடைக்காரர் விலையைச் சொன்னதும் பலர் படி இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வெள்ளெழுத்து ஏன் வருகிறது?

நம் கண்ணுக்குள் ஒரு சிறிய லென்ஸ் இருக்கிறது. கிட்டே பார்க்கும்போது அது தடிக்கும். தூரத்தில் பார்க்கும்போது மெலியும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது. நாற்பது வயதுக்கு மேல் கிட்டே உள்ள எழுத்து மங்குகிறது. இதுதான் வெள்ளெழுத்து. இது நோய் அல்ல. நரை வருவதுபோல் எல்லோருக்கும் வருவது.

பிராங்க்ளின் செய்த யோசனை

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் இதே தொல்லை இருந்தது. தூரத்துக்கு ஒரு கண்ணாடி, படிக்க ஒரு கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப் போனார். இரண்டு லென்சுகளையும் பாதியாக வெட்டச் சொன்னார். மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி. இரண்டையும் ஒரே பிரேமில் பொருத்தச் சொன்னார்! 1785-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதை விளக்கி இருக்கிறார். அப்போது அவருக்கு வயது 79. அதுதான் இன்றைய பைஃபோகல்.

பிறகு 1959-ல் பிரான்சு நாட்டு எஞ்சினீயர் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கிய புதிய லென்ஸ் விற்பனைக்கு வந்தது. அதில் நடுவே கோடு கிடையாது. மேலே தூரம், நடுவே இடைத் தூரம், கீழே படிப்பு என்று பவர் படிப்படியாக மாறும். அதைத்தான் கடைகளில் 'புரோகிரசிவ்' என்கிறார்கள். விலையில் உயர்ந்தது இதுதான்.

ஏன் இத்தனை விலை?

புரோகிரசிவ் லென்சில் பவர் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே அதைக் கடைவது நுட்பமான வேலை. இது ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. பவருக்கு ஒரு விலை. கறுப்புச் சாயத்துக்கு ஒரு விலை. கீறல் விழாத பூச்சுக்கு ஒரு விலை. பிரேமுக்கு ஒரு விலை. இப்படிப் படிப்படியாக ஏறுகிறது.

உலகச் சந்தையையும் பாருங்கள். லென்ஸ் செய்யும் எசிலார் கம்பெனியும், பிரேம் செய்யும் லுக்சாட்டிகா கம்பெனியும் 2018-ல் ஒன்றாகிவிட்டன. லென்ஸ், பிரேம், கடை மூன்றும் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. போட்டி குறைந்தால் விலை இறங்குமா?

ஆனால், இறக்க முடியும் என்று காட்டியது மதுரை. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் 1992 முதல், கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்சை இங்கேயே செய்தது. வெளிநாட்டு லென்சின் விலையில் சிறு பங்குக்கு அது கிடைத்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு!

அரசாங்கமும் வரியைக் குறைத்து இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், பார்வைக்குப் பவர் போட்ட கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். 5,000 ரூபாய்க் கண்ணாடிக்கு வரி 250 ரூபாய். வரி குறைந்தது உங்கள் பைக்கு வந்ததா, கடைக்காரரோடு நின்றுவிட்டதா? பில்லைக் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் தெரியும்.

விலை உயர்ந்ததுதான் நல்லதா?

இதுதான் முக்கியமான கேள்வி. விடை பலருக்கு வியப்பாக இருக்கும்.

பைஃபோகல், புரோகிரசிவ் இரண்டிலும் கீழ்ப்பகுதி கிட்டத்தில் பார்ப்பதற்கானது. நடக்கும்போது குனிந்து பார்த்தால், அந்தப் பகுதி வழியாகத்தான் தரை தெரியும். படிக்கட்டும் பள்ளமும் மங்கலாகத் தெரியும். கால் இடறும்.

ஆஸ்திரேலியாவில் சுமார் 600 முதியவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, வெளியே போகும்போது போட்டுக்கொள்ளத் தூரப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி கொடுத்தார்கள். வெளியே அதிகம் நடமாடுகிறவர்கள் கீழே விழுவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஆனால், பெரும்பாலும் வீட்டோடு இருப்பவர்களுக்கு இந்தப் பலன் இல்லை. அவர்கள் வெளியே விழுவது அதிகமாகவே ஆயிற்று.

ஆகவே, எல்லோருக்கும் ஒரே கண்ணாடி பொருந்தாது. உங்கள் வேலை என்ன? அதைப் பார்த்து வாங்குங்கள்.

யாருக்கு எது?

வெயிலில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும்தான் வேலையா? தூரப் பவர் மட்டும் போட்ட கூலிங் கிளாஸ் போதும். செலவும் குறைவு.

வெயிலில் நின்றபடி பில் எழுத வேண்டும், சில்லறை எண்ண வேண்டும், செல்போன் பார்க்க வேண்டும் என்கிறீர்களா? சாயம் ஏற்றிய பைஃபோகல் வாங்குங்கள். கோடு தெரியும், தெரிந்தால் என்ன? புரோகிரசிவை விட விலை குறைவு.

தூரமும் கிட்டேயும் இடையும் ஓயாமல் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்குத்தான் புரோகிரசிவ். பழக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

ஏற்கெனவே நல்ல பைஃபோகலோ புரோகிரசிவோ வைத்து இருக்கிறீர்களா? அதன் மேல் மாட்டும் கறுப்புக் 'கிளிப்' வாங்கினால் போதும். எல்லாவற்றிலும் மலிவு இதுதான்.

வெயிலில் தானே கறுக்கும் லென்சும் உண்டு. ஆனால், காருக்குள் அது சரியாகக் கறுக்காது. காரின் முன் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. இந்த லென்ஸ் கறுக்க அந்தக் கதிர்தான் வேண்டும்.

ஏமாறாமல் இருக்க!

முதலில் டாக்டரிடம் கண்ணைக் காட்டுங்கள். பவர் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கண்ணாடிக்கு அளவு கொடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும். போட்ட பணம் வீணாகும்.

சீட்டோடு மூன்று கடை ஏறி இறங்குங்கள். லென்ஸ் விலை எவ்வளவு, பிரேம் விலை எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள்.

வீட்டில் பழைய பிரேம் உறுதியாக இருந்தால், அதிலேயே புது லென்சைப் போடச் சொல்லுங்கள். பிரேம் செலவு மிச்சம்.

இரண்டு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார்களா என்று பாருங்கள். புரோகிரசிவுக்கு உயரமும் அளக்க வேண்டும். அளவு தவறினால் எவ்வளவு உயர்ந்த லென்சும் தலைவலிதான்.

கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. 'யு.வி. 400' என்ற பாதுகாப்பு வேண்டும். அது இல்லாத கறுப்புக் கண்ணாடி, போடாமல் இருப்பதை விடக் கெடுதல்! இருட்டு என்று எண்ணிக் கருவிழியின் நடுத் துளை விரியும். புற ஊதாக் கதிர் அதிகமாக உள்ளே போகும். பல கடைகளில் இதைச் சோதிக்கும் சிறு கருவி இருக்கிறது. சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு கறுப்புக் கண்ணாடியுடன் வண்டி ஓட்டாதீர்கள். மிக மிகக் கறுப்பான, நான்காம் வகைக் கண்ணாடியைப் பகலில்கூட வண்டி ஓட்டும்போது போடக் கூடாது.

குடும்பத்தார் கவனத்துக்கு

செல்போனுக்கு ஆயிரம் ஆயிரமாகச் செலவு செய்கிறோம். அதைப் பார்க்கிற கண்ணுக்குச் செலவு என்றால் யோசிக்கிறோம். அதிலும் வீட்டுப் பெண்கள், "எனக்கு என்ன, சமாளித்துக்கொள்வேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் பேரனைக் கூப்பிடுகிற அம்மாவை நீங்கள் பார்த்தது இல்லையா? அதே அம்மாதான் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "கண் நன்றாகத் தெரிகிறதா?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?