பார்ப்பது கண் அல்ல!

கண் ஒரு கேமரா மாதிரி என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். லென்ஸ் இருக்கிறது, விழித்திரை இருக்கிறது, அதில் படம் தலைகீழாக விழுகிறது. பாடம் முடிந்தது! விழுந்த படத்தைப் பார்ப்பது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்டவர்கள் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர். 1950களின் இறுதியில், அமெரிக்காவில், ஒரு பூனையின் மூளையில் பார்வைக்கான பகுதியில் மெல்லிய மின்கம்பியைச் செருகிவிட்டு, திரையில் புள்ளிகளைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பலன் இல்லை. கண்ணாடி ஸ்லைடை மாற்றும்போது அதன் ஓரத்தின் நிழல் ஒரு கோடாகத் திரையில் நகர்ந்தது. உடனே அந்த நரம்பு செல் படபடவென்று வேலை செய்ய ஆரம்பித்தது! கோட்டின் சாய்வு மாறினால் மறுபடி மௌனம். அதாவது மூளை படத்தை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. கோடு, சாய்வு, அசைவு என்று பிரித்து வாங்கி, பிறகு சேர்த்துக் கட்டுகிறது.

அடுத்து, பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளை அந்தக் கண்ணைச் சட்டை செய்யவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு இப்படி ஆகவில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு என்று தெரிந்தது. பிறவிக் கண்புரைக்கும் மாறுகண்ணுக்கும் சீக்கிரமே சிகிச்சை வேண்டும் என்ற இன்றைய நடைமுறைக்கு இதுவே பலம். 1981ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் வந்து சேர்ந்தது. "பருவம் தாண்டிவிட்டது, இனி ஆபரேஷன் செய்து என்ன பயன்?" என்ற எண்ணம் வேரூன்றியது. பருவம் தாண்டி வருவது யார்? பணக்கார வீட்டுப் பிள்ளைகளா? ஆஸ்பத்திரி எட்டாத கிராமத்து ஏழைப் பிள்ளைகள்தான்.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா. 2000களில் அவர் தொடங்கிய 'ப்ரகாஷ்' திட்டம், வட இந்தியக் கிராமங்களில் பார்வையில்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, டெல்லியில் ஆபரேஷன் செய்ய வைத்தது. பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று கவனித்தது.

1688ல் வில்லியம் மாலிநியூ என்ற அயர்லாந்துக்காரர் தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாதவன், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்தவன், திடீரென்று பார்வை பெற்றால் தொடாமலே எது எது என்று சொல்வானா? 2011ல் வெளியான ப்ரகாஷ் ஆய்வில் 8 முதல் 17 வயது வரையிலான 5 பேர் பதில் சொன்னார்கள். தொட்ட பொருளைப் பார்த்து அடையாளம் காண முதலில் முடியவில்லை, கிட்டத்தட்ட குருட்டாம்போக்கில்தான் சொன்னார்கள். ஆனால் சில நாட்களிலேயே தேறினார்கள்!

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு வடிவங்கள் இரண்டாகத் தெரிவதில்லை, துண்டு துண்டாகத் தெரிகின்றன. அவை அசைந்தால் எந்தத் துண்டு எதனுடையது என்று புரிகிறது. பார்வைக் கூர்மை முழுதாக வருவதில்லை. ஆனாலும் மூளை கற்றுக்கொள்கிறது. கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை.

ஏழைப் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வுக்குச் சம்மதித்தால்தான் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் அது வியாபாரம். ஆனால் சிகிச்சை கொடுத்துவிட்டு, சம்மதத்தோடு கவனிப்பது அப்படியல்ல. கவனித்ததால்தானே "இனிப் பயனில்லை" என்ற தீர்ப்பு பொய் என்று தெரிந்தது?

இன்னொன்று. இத்தனை ஆபரேஷன் செய்தோம் என்று எண்ணிக்கை காட்டுவது சுலபம். ஆனால் கட்டு அவிழ்த்த அன்று கண்தான் திறக்கிறது. பார்வை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், பொறுமையான ஆசிரியர் வேண்டும். இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராமல் போனால், ஆபரேஷனுக்குச் செய்த செலவும் பாதி வீண்.

கண்ணைத் திறந்துவிட டாக்டர் போதும். பார்க்க வைக்க ஊரே சேரவேண்டும்.