எட்டுப் பேருக்குக் காய்கறி வாங்கியவர்

ஆன் ஃபிராங்கின் டைரியை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அதைக் கையிலெடுக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது ஒரு சமையலறைக் கேள்விதான். வெளியே தலைகாட்ட முடியாமல் எட்டு யூதர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒளிந்திருந்தார்களே, அவர்களுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும் யார் வாங்கிப் போட்டது?

முக்கால்வாசி பாரத்தைச் சுமந்தவர் மீப் கீஸ் என்ற பெண்மணி. யூதர் அல்ல. 1909ல் வியன்னாவில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே சாப்பாட்டுக்கே திண்டாட்டம். எலும்பும் தோலுமாயிருந்த பெண்ணை 1920ல் உடம்பு தேற ஹாலந்துக்கு ரயிலேற்றி விட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சோறு போட்டு வளர்த்தது.

1933ல் ஆம்ஸ்டர்டாமில் ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்கின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஜாம் இறுகுவதற்குப் போடும் பெக்டின் விற்கிற கம்பெனி. முதலில் ஆபீஸ் சமையலறையில் ஜாம் கிண்டச் சொன்னார்களாம்! கை பழகின பிறகு, "என் ஜாம் ஏன் தண்ணியா இருக்கு?" என்று கேட்கும் குடும்பப் பெண்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. நமக்கு நெருங்கின மனுஷிதான், இல்லையா?

1940ல் ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. யூதர்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். 1942ல் ஓட்டோ, "ஒளியப் போகிறோம், உதவுவாயா?" என்று கேட்டபோது மீப் மறு பேச்சுப் பேசவில்லை. பிடிபட்டால் சிறை, முகாம், எதுவும் நடக்கலாம். ஆபீஸின் பின்கட்டில் அவர்கள் குடியேறினார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது தினசரிப் பாடு. காலையில் மாடிக்குப் போய்ச் சாமான் லிஸ்ட் வாங்கிவர வேண்டும். எல்லாமே ரேஷன். கூப்பன்களைக் கணவர் யான் ரகசியக் குழுக்கள் மூலம் கொண்டுவருவார். வீட்டிலோ இரண்டே பேர்; கூடை நிறைய வாங்கினால் கடைக்காரருக்குச் சந்தேகம் வராதா? அந்தக் காய்கறிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல், மீப்புக்கென்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். அவர் வீட்டிலேயே இரண்டு யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். 1944 மே மாதம் அவரும் பிடிபட்டார்.

பால், ரொட்டி விஷயத்தில் பெப் என்ற இன்னொரு ஆபீஸ் பெண் கைகொடுத்தாள். சனிக்கிழமை தோறும் லைப்ரரி புஸ்தகம் வரும். 1943 கிறிஸ்துமஸுக்கு மீப் ஒரு கேக் செய்து, வரும் 1944ல் சமாதானம் வரட்டும் என்று அதன் மேல் எழுதிக் கொடுத்தார். அந்தப் பஞ்சத்தில் சர்க்கரையும் வெண்ணெயும் எப்படிச் சேர்த்தாரோ!

1944 ஆகஸ்ட் 4ந் தேதி போலீஸ் வந்துவிட்டது. பணம் கொடுத்தாவது மீட்கலாமா என்று மீப் அவர்கள் தலைமையகத்துக்கே போய்ப் பார்த்தார். நடக்கவில்லை. தரையில் சிதறிக் கிடந்த ஆனின் காகிதங்களைப் பொறுக்கி மேஜை டிராயரில் வைத்தார். ஒரு வரி படிக்கவில்லை. குழந்தை திரும்பி வந்தால் அவள் கையில் கொடுக்கத்தான். படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று பிற்பாடு சொன்னார். உதவினவர்கள் பெயரெல்லாம் அதில் இருந்ததே!

எட்டுப் பேரில் திரும்பியது ஓட்டோ மட்டும். மீப் வீட்டில்தான் ஏழு வருஷம் இருந்தார்.

ஜெருசலேமில் யாத் வஷேம் என்ற நினைவகம், உயிரைப் பணயம் வைத்து, காசு எதிர்பாராமல் யூதர்களைக் காத்த பிறரைத் தேடிப்பிடித்து மெடலும் பத்திரமும் கொடுத்து 1963 முதல் கௌரவிக்கிறது. 2022க்குள் 28,000 பெயருக்கு மேல் சேர்ந்துவிட்டன. மீப், யான் இருவருக்கும் 1972ல் அது கிடைத்தது. கேட்டுக் கேட்டு, சாட்சியம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் வாய் திறக்காமல் காயை எடுத்து வைத்த எத்தனை பேருடைய உதவிக்குச் சாட்சி இருந்திருக்கும்?

2010ல், நூறு வயதில் மீப் காலமானார். வீராங்கனை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வருஷா வருஷம் ஆகஸ்ட் 4ந் தேதி கணவனும் மனைவியும் வீட்டை விட்டு வெளியே போகமாட்டார்களாம். யான் ஜன்னலோரம் நிற்பார். மீப் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி இருப்பார், பொழுது சாயும் வரை.